தோண்டிப் பார்த்த மொசைக் தரையை ஏன் மறுபடியும் மண் போட்டு மூடினார்கள்?

நீங்கள் கேட்டது இது: இங்கிலாந்தில் ரட்லண்ட் பக்கம் ஒரு கோதுமை வயலுக்கு அடியில் ரோமானியர் காலத்து வில்லா கிடைத்தது. ட்ராய் போர்க் காட்சிகள் உள்ள மொசைக் தரையைப் படம் எடுத்துவிட்டு மறுபடியும் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். முழுதாகத் தோண்டி மக்களுக்குக் காட்டாமல் ஏன் மூடினார்கள்? கொஞ்சம் திறந்து பார்த்ததை வைத்து ‘செல்வந்தர் வீடு’, ‘விருந்துக்கூடம்’, ‘பிற்காலத்தில் பிணம் புதைத்தார்கள்’ என்றெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள், யூகம்தானே? லெஸ்டரில்தான் இருக்கிறேன், போய்ப் பார்க்க முடியுமா?

மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மண்ணைப் பார்த்து எதை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதே அது. அதைச் சொல்லிவிட்டால் ஏன் மூடினார்கள் என்பது தானாகவே விளங்கும். தமிழ்நாட்டில் தொல்லியல் படித்துவிட்டு, பதினான்கு வருடமாக இங்கிலாந்தில் களத்தில் வேலை செய்கிறேன். சாலை போடுமுன், வீட்டுமனை போடுமுன் நிலத்தைத் தோண்டிப் பார்த்துப் பதிவு செய்கிற வேலை. ரட்லண்ட் குழுவில் நான் இல்லை. அந்த இடத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் தோண்டியவர்கள் வெளியிட்டது. மற்றது, வேறு மூன்று வில்லாக்களில் முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது நிலத்துக்காரரின் மகன் வயலில் நடந்துபோகையில் கோதுமைக்கு நடுவே வித்தியாசமான பானையோடுகளைப் பார்த்தார். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அதே வயலைத் தேடினால் பயிரிலேயே கட்டடத்தின் கோடு தெரிந்தது. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தின் தொல்லியல் பிரிவுக்குத் தகவல் போனது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு சார்ந்த அமைப்பு உதவ, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் சேவைப் பிரிவு இறங்கியது. 2021 செப்டம்பரில் மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து மொசைக்கின் பெரும்பகுதியைத் திறந்தார்கள். 11 மீட்டர் நீளம், ஏறக்குறைய 7 மீட்டர் அகலம். அதே நவம்பரில் அந்த இடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் இன்னொரு சுற்று தோண்டினார்கள்.

பயிரில் கோடு தெரிந்தது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். விவசாயம் பார்த்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மேல்மண்ணுக்கு அடியில் பாறை படுத்திருக்கும் இடத்தில் கடலைச்செடி முதலில் வாடும், தூர்ந்துபோன பழைய வாய்க்கால் மேல் பச்சை கடைசிவரை நிற்கும். அதே கதைதான். புதைந்த சுவருக்கு மேலே மண் ஆழம் குறைவு, ஈரமும் குறைவு, பயிர் குட்டையாகி முன்னாலேயே மஞ்சளாகும். பள்ளத்துக்கு மேலே உயரமாக வளரும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஒன்றும் தெரியாது. 2018 கோடையில் பிரிட்டன் முழுக்க வெயில் காய்ச்சியபோது, அதுவரை யாரும் அறியாத எத்தனையோ இடங்கள் மேலிருந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டன. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பயிர் சொல்லும். எந்தக் காலத்தது என்று சொல்லாது.

அடுத்த கட்டம் கருவிகள். காந்தமானியைத் தூக்கிக்கொண்டு வயல் முழுவதும் வரிவரியாக நடக்க வேண்டும். இந்தப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா. நாங்கள் தேடுவது அதில் ஐந்து, பத்து நானோடெஸ்லா ஏற்ற இறக்கத்தை. அதனால் நடப்பவர் உடம்பில் இரும்பு ஒரு துளி இருக்கக் கூடாது. பெல்ட்டைக் கழற்றி, இரும்பு ஜிப் இல்லாத கால்சட்டை போட்டு, ரப்பர் பூட்ஸோடு நடப்போம். பாக்கெட்டில் ஒரு சாவி மறந்திருந்தால் போதும், அன்றைய வேலை பாழ். எரிந்த களிமண், அடுப்பு, சூளை, வளமான மண் நிரம்பிய பள்ளம் எல்லாம் படத்தில் கருப்பாக எழும்பி வரும். கல் சுவரைக் காட்டுவதில், மண்ணில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை அளவீடு இன்னும் நன்றாகப் பேசும். ரட்லண்டில் இப்படி அளந்ததில் மொசைக் இருந்த வீடு மட்டுமல்ல, தூண் வரிசைகள் கொண்ட களஞ்சியங்கள், வட்டமான கட்டடங்கள், குளியல்கூடமாக இருக்கக்கூடிய ஒன்று எல்லாம் சேர்ந்த ஒரு வளாகமே எல்லைப் பள்ளங்களுக்குள் தெரிந்தது. ஆகவே கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்பது முழு உண்மையில்லை. திறந்தது கொஞ்சம், ஆனால் திறக்காமலே பார்த்தது நிறைய.

இதை வைத்துத்தான் ‘வில்லா’ என்கிறோம். நம் சினிமாவில் வரும் சொகுசு பங்களா என்று நினைக்க வேண்டாம். லத்தீனில் அது பண்ணையும் வீடும் சேர்ந்த சொல். எஜமானர் தங்கும் பகுதி, வேலையாட்களும் மாடும் இருக்கும் பகுதி, விளைச்சலைச் சேர்த்துவைக்கும் பகுதி என்று மூன்றையும் பிரித்து வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர்களே சொல்லியிருக்கிறார்கள். ரட்லண்டில் 2022-ல் தோண்டிய ஒரு களஞ்சியம் முதலில் பருத்த மரத்தூண்களில் நின்றது. பிறகு கல்லால் மாற்றிக் கட்டப்பட்டு, ஒரு முனையில் குடியிருப்பும் தரைக்கு அடியில் சூடேற்றும் குளியல் அறைகளும் சேர்ந்தன. களஞ்சியம் குளியல்கூடமாக மாறுகிற அந்த இடம், என்னைக் கேட்டால், மொசைக்கைவிட ஆர்வமூட்டுவது. ஒரு குடும்பம் எப்போது, எப்படி மேலே வந்தது என்பதற்கான தடம் அங்கேதான் கிடக்கிறது. செய்தித்தாள்களுக்கு மொசைக் போதுமாக இருந்தது.

இப்போது உங்கள் யூகக் கேள்விக்கு வருகிறேன். உறுதி, ஏறக்குறைய உறுதி, நல்ல ஊகம், வெறும் ஊகம் என்று எங்கள் தொழிலில் நான்கைந்து படிகள் உண்டு. செய்தியில் எல்லாம் ஒரே படியில் நிற்பதால்தான் உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. வசதியானவர் வீடு என்பது உறுதி. அத்தனை கற்களை வெட்டி, தேர்ந்த ஆட்களைக் கூட்டிவந்து, சுண்ணாம்புக் காரை அடுக்கின் மேல் ஒவ்வொன்றாகப் பதிக்கக் காசு வேண்டும். (நம் வீடுகளில் சிமெண்டில் சில்லுகளைக் கலந்து இழைத்த ‘மொசைக்’ வேறு. இங்கே ஒவ்வொரு கல்லும் கையால் வெட்டிய சிறு கட்டி.) விருந்துக்கூடம் என்பது ஏறக்குறைய உறுதி. அறையின் அளவு, பிரதான கட்டடத்தில் அது நிற்கும் இடம், விருந்தாளிக்குக் காட்டுவதற்கென்றே போட்ட சித்திரம், இதே அமைப்பில் தெரிந்த மற்ற வீடுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. வீட்டுக்காரர் கிரேக்க இலக்கியம் கற்றவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஊகம்.

சித்திரத்தில் என்ன இருக்கிறது என்றால், கிரேக்க வீரன் அக்கிலீஸும் ட்ராய் இளவரசன் ஹெக்டரும் மோதுவது, ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்துப்போவது, தகப்பன் பிரியாம் மகனின் உடலை எடைக்கு எடை பொன் கொடுத்து மீட்பது என்று மூன்று காட்சிகள். இந்தப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் பிரியாம் பணயப்பொருள் கொண்டுபோகிறார், ஆனால் தராசில் உடலை நிறுக்கும் காட்சி இல்லை. கிரேக்க நாடக ஆசிரியர் எஸ்கிலஸ் எழுதித் தொலைந்துபோன ஒரு நாடகத்தில் அது இருந்தது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. ரட்லண்ட் தரை அந்த மரபைப் பின்பற்றுகிறது என்று லெஸ்டர் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த மரபு வீட்டுக்காரரின் படிப்பு வழியாக வந்ததா, தரை போட்ட பட்டறையில் தலைமுறைகளாகக் கைமாறிய மாதிரிப் படங்கள் வழியாக வந்ததா என்பதைத் தரையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.

பிறகு அந்த எரிந்த திட்டுகளும் எலும்புகளும். மொசைக்கின் மேல் சில இடங்களில் நெருப்புப் பட்ட தடம் இருக்கிறது. அதற்கும் மேலே இடிபாடு. அந்த இடிபாட்டுக்குள் மனித எலும்பு. இந்த வரிசை உறுதியானது. தரை முதலில், நெருப்பு பிறகு, புதைத்தது அதற்கும் பிறகு. மண் அடுக்குகளில் மேலே இருப்பது பிந்தையது என்ற விதியை ஒரு குழந்தைகூடச் சரிபார்க்கலாம். அதனால் அந்த அறை விருந்துக்கூடமாக இருந்த காலம் முடிந்த பிறகே அங்கே ஆட்களைப் புதைத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு காலம் பிறகு? ரோமானியர் காலத்தின் கடைசியாக இருக்கலாம், அதை அடுத்த நூற்றாண்டுகளாகவும் இருக்கலாம். யார், ஏன் அந்த இடிபாட்டைத் தேர்ந்தார்கள்? அங்கிருந்து எல்லாம் மங்கல். நெருப்பு என்றவுடன் படையெடுப்பு, கொள்ளை என்று கதை கட்டுவது பழைய வழக்கம். கூரையில்லாத வீட்டுக்குள் யாரோ அடுப்பு மூட்டிச் சமைத்தாலும் தரையில் அதே கருப்புத்தான் படியும்.

இந்த மெல்லிய மேல் அடுக்குகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூடியதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. நான் இரண்டாம் வருடம் வேலை செய்த ஒரு வில்லாவில் காரைத்தளத்துக்கு மேலே ஒரு சாண் கருமண் கிடந்தது. உழவுமண்ணின் அடிப்பகுதி என்று நினைத்து மண்வெட்டியால் வெட்டிப் பாண்டில் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் இரண்டு தட்டைக் கற்கள் வந்தன, அவையும் பாண்டுக்குப் போயின. மூன்றாவது கல் வந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மையார் கையைப் பிடித்து நிறுத்தினார். கரணையால் மெதுவாகச் சுரண்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சாய்வெயிலில் பார்க்கச் சொன்னார். அதே நேர்க்கோட்டில், அதே இடைவெளியில் நான்காவது கல், ஐந்தாவது கல். ஒவ்வொன்றும் ஒரு மரத்தூண் நிற்க வைத்த அடிக்கல். வில்லா பாழான பின் யாரோ அதே இடத்தில், சுவர்களைச் சட்டை செய்யாமல் மரவீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கற்களின் வரிசை. அதில் இரண்டு சாட்சிகளை நான் இடம் குறிக்காமல் அள்ளிவிட்டேன். வரைபடத்தில் அந்த இரண்டு இடங்களிலும் கேள்விக்குறிதான் போட முடிந்தது. இன்றைக்கும் அந்த அறிக்கையைத் திறந்தால் கண் நேரே அங்கேதான் போகும்.

நான் இரண்டு கல்லை எடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு முழு வில்லாவுக்கே அது நடந்தது. குளொஸ்டர்ஷயரில் செட்வொர்த் என்ற இடத்தில் காட்டுக்குள் 1864-ல் ஒரு பெரிய வில்லா வெளிப்பட்டது. ஆட்களை வைத்து மளமளவென்று தளம்வரை மண்ணை அள்ளினார்கள். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மொசைக் வேண்டும், சுவர் வேண்டும், மேலே கிடந்த கருமண் குப்பை. விளைவு, அந்த வீட்டின் கடைசிக் காலம் என்ன ஆனது என்று சொல்லக்கூடிய மண் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்த நூற்றைம்பது வருடம் எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள்: நான்காம் நூற்றாண்டில் உச்சம், கி.பி. 410 வாக்கில் ரோமாபுரி கைவிட்டது, வில்லா வாழ்க்கையும் முடிந்தது.

2017-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற, பழைய இடங்களைப் பராமரிக்கும் தொண்டு அமைப்பின் தொல்லியலாளர்கள் செட்வொர்த்தில் 28-ம் எண் அறையில் வேலை செய்தார்கள். அந்த அறையை உருவாக்க ஒரு குறுக்குச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. சுவருக்குத் தோண்டிய அடித்தளப் பள்ளம் மட்டும் விக்டோரியா காலத்து மண்வெட்டிக்குத் தப்பியிருந்தது. அதற்குள் கொஞ்சம் கரி, கொஞ்சம் எலும்பு. கார்பன் காலக்கணிப்பில் கி.பி. 424-க்கும் 544-க்கும் இடையே என்று வந்தது. இதன் கணக்கைக் கவனியுங்கள். பள்ளத்தை மூடியபோது உள்ளே விழுந்த பொருள் பள்ளத்தைவிடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்க முடியாது. எனவே சுவர் கி.பி. 424-க்கு முன் இல்லை. மொசைக் அந்தச் சுவரை ஒட்டிப் போடப்பட்டது, எனவே மொசைக்கும் அதற்கு முன் இல்லை. கரி என்பதால் பழைய மரமாக இருந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டாலும், அப்போது சுவர் இன்னும் பிந்தையது என்றுதான் ஆகும், முந்தையது என்று ஆகாது. எலியும் மண்புழுவும் மேலிருந்து பொருளை இறக்கியிருந்தால் மட்டுமே இந்த வாதம் உடையும். அதற்காகத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதிக்கிறோம். ரோமானிய ஆட்சி போய் ஒரு தலைமுறைக்குப் பிறகும் யாரோ ஒருவர் ஆள் பிடித்து, காசு கொடுத்து, புது மொசைக் போட்டிருக்கிறார். வேலைப்பாடு முந்தைய காலத்து அளவுக்கு நேர்த்தியில்லை, தவறுகளும் உண்டு. ஆனாலும் கலை தெரிந்தவர் இருந்தார், அதைக் கேட்டு வாங்கும் மனமும் வசதியும் உள்ள வீடும் இருந்தது. ஒரு பள்ளத்தில் மிச்சமிருந்த கரியும் எலும்பும் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தையே மாற்றிவிட்டன.

கார்பன் முறை கண்டுபிடிக்கப்பட்டது 1940-களின் கடைசியில். 1864-ல் மண் அள்ளியவர்களுக்கு, அந்தக் கரித்துண்டு ஒருநாள் பேசும் என்று கனவில்கூடத் தெரிந்திருக்காது. நாம் எதை இன்று குப்பை என்று அள்ளுகிறோம் என்று நமக்கும் தெரியாது. ரட்லண்டில் மிச்சத்தைத் தொடாமல் விட்டதற்கு இதுதான் முதல் காரணம். தோண்டுவது ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய வேலை. அறுவை சிகிச்சைபோல் தைத்து மூட முடியாது. ஒரு அடுக்கை எடுத்துவிட்டால் அது வரைபடத்திலும் பையிலும் மட்டும்தான் இருக்கும்.

காலக்கணிப்பில் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் ‘மூன்றாம் நான்காம் நூற்றாண்டு’ என்று அழுத்தமாக வரும். அது பெரும்பாலும் காசும் பானையோடும் சொல்வது. காசு ஒரு நல்ல சாட்சி, ஆனால் பிரிட்டனுக்குப் புதுக்காசு வருவது கி.பி. 400-ஐ ஒட்டி ஏறக்குறைய நின்றுபோனது. பானை செய்யும் பெரிய பட்டறைகளும் அதற்குப் பின் அதிக காலம் நீடிக்கவில்லை. அதனால் ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு வீட்டில் ஆட்கள் வாழ்ந்திருந்தாலும் எங்கள் கைக்கு வருவது நான்காம் நூற்றாண்டுக் காசும் ஓடும்தான். காசு நின்றதை ஆட்கள் நின்றதாக எடுத்துக்கொண்டதுதான் பழைய கதையின் அடிப்படைப் பிழை. அந்தக் கி.பி. 410 என்ற ஆண்டுகூட ரோமப் பேரரசர் ஹொனோரியஸ் ஊர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தை நம்பி நிற்கிறது. அது பிரிட்டனுக்கு எழுதியதா, தென் இத்தாலியில் உள்ள புருட்டியம் பகுதிக்கு எழுதியதா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓயவில்லை.

நம் ஊரில் படித்தவன் என்பதால் ஒரு விஷயம் எனக்கு நெருக்கமானது. 1930 முதல் இங்கிலாந்தின் வெருலாமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர்தான் 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்து, 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு ஓடுகள் அங்கே எந்த அடுக்கில் கிடைத்தன என்று பார்த்து, கூடவே கிடைத்த நம் பானைகளுக்கும் காலம் குறித்தார். செட்வொர்த்தில் பார்த்த அதே தர்க்கம்தான், காலம் தெரிந்த பொருளைப் பிடித்துக்கொண்டு தெரியாததை எட்டுவது. சதுரம் சதுரமாகக் குழி போட்டு நடுவில் மண்சுவரை விட்டுவைக்கும் அவருடைய முறை இன்றும் தமிழ்நாட்டு அகழாய்வுகளில் அப்படியே இருக்கிறது, கீழடிப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் அதை விட்டு நாற்பது ஐம்பது வருடம் ஆகிறது. பரப்பாகத் திறந்து, ஒவ்வொரு மண்படிவத்துக்கும் தனி எண் கொடுத்து, எது எதை வெட்டியது, எது எதை மூடியது என்று எழுதுகிறோம். சதுரக்குழியில் நான் கற்ற கண் இங்கே வந்து மாற ஒரு வருடம் பிடித்தது. அந்தத் தூண் அடிக்கற்களை நினைத்துப் பாருங்கள், அவை மண்சுவருக்கு அடியில் சிக்கியிருந்தால் வரிசை என்பதே தெரிந்திருக்காது. அதே சமயம், மண் அடுக்குகளைப் பக்கவாட்டில் நின்று பார்க்க நம் முறைக்கு ஈடில்லை. இரண்டையும் செய்தவனாகச் சொல்கிறேன்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். பக்கிங்ஹாம்ஷயரில் ஹாம்பிள்டன் பக்கம் யூடன் என்ற வில்லாவை 1912-ல் தோண்டினார்கள். 97 பச்சிளங்குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் ஒரு பகுதி பெட்டிகளில் அப்படியே கிடந்து, ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அளக்கப்பட்டது. கை கால் எலும்பின் நீளத்தை வைத்து வயது கணித்ததில் பெரும்பாலானவை பிரசவத்தை ஒட்டி இறந்தவை என்று தெரிந்தது. இதுவரை உறுதியான நிலம். வயது இப்படி ஒரே இடத்தில் குவிவது இயற்கைச் சாவு போல இல்லை, பிறந்ததும் கொன்றிருக்கலாம் என்றது ஒரு வாதம். அது விவாதத்துக்குரியது, ஆனால் அளவீட்டில் நிற்கிறது. அங்கிருந்து ஒரே தாவலில் ‘அது விபச்சார விடுதி’ என்று ஒரு கருத்து கிளம்பி உலகம் முழுக்கச் செய்தியானது. அதற்கு மண்ணில் எந்த ஆதாரமும் இல்லை. ரோமானியர் சிசுக்களை ஊருக்கு வெளியே இடுகாட்டில் வைக்காமல் வீட்டோரம் புதைப்பது சாதாரண வழக்கம். வில்லா இருந்ததோ சுமார் முந்நூறு வருடம். அந்த எண்ணை அந்த வருடங்களால் வகுத்துப் பார்த்தால் எத்தனை தாய்மார்களின் துக்கம் சாதாரணமாகவே அங்கே சேர்ந்திருக்கும் என்று தெரியும். உங்கள் ‘யூகம்தானே’ என்ற கேள்வியை இந்த மாதிரி இடத்தில் கேளுங்கள், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். அதே நேரம், அந்தப் பெட்டிகளை யாரோ நூறு வருடம் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அளக்கவாவது முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூடுவதில் நடைமுறைக் காரணமும் உண்டு. மண்ணுக்கு அடியில் வெப்பமும் ஈரமும் பெரிதாக மாறாது, ஆயிரத்து அறுநூறு வருடம் அது தாங்கியதற்கு அதுவே காரணம். திறந்த முதல் குளிர்காலத்திலேயே காரைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும், கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பாசி பிடிக்கும், புல்வேர் நுழையும். காப்பாற்ற வேண்டும் என்றால் மேலே கட்டடம், காற்றோட்டம், கண்காணிப்பு, வருடாவருடம் செலவு. செட்வொர்த்திலேயே சரியான கூரைக்கட்டடம் 2012-ல்தான் திறக்கப்பட்டது. மூடுவது என்றால் வெட்டி எடுத்த மண்ணை அப்படியே தள்ளிவிடுவது என்று நினைக்காதீர்கள். நான் கூட இருந்து செய்த இடத்தில் முதலில் தண்ணீர் கடந்துபோகும் துணி விரித்தோம், அதன்மேல் உப்பில்லாத சலித்த மணல், பிறகு அந்த இடத்து மண்ணைக் கையால் பரப்பி மிதித்தோம். அடுத்து யார் தோண்டினாலும் துணியைப் பார்த்தவுடன் நிறுத்த வேண்டும் என்று தெரியும். ரட்லண்ட் வயலில் இனி உழவு இல்லை, புல்நிலமாக மாற்ற ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வில்லாக்களுக்கு இந்த நாட்டில் பெரிய எதிரி கொள்ளையன் அல்ல, வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும் கலப்பை. குளொஸ்டர்ஷயரில் வுட்செஸ்டர் என்ற ஊரில் ஆர்ஃபியஸ் உருவம் உள்ள மிகப்பெரிய மொசைக் பழைய தேவாலயத்தின் கல்லறை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. கல்லறைக்குழி தோண்டும்போதெல்லாம் அதன் துண்டுகள் போயிருக்கின்றன. கடைசியாக 1973-ல் திறந்து காட்டிவிட்டு மூடினார்கள். அந்த ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததே இல்லை என்பது வருத்தம்தான், மறுக்கவில்லை. மக்கள் பணத்தில் தோண்டியதை மக்கள் பார்க்க வேண்டும் என்ற உங்கள் கோபம் நியாயமானது. அதற்கு என் பதில், நல்ல படங்களும் முப்பரிமாணப் பதிவும் சீக்கிரம் பொதுவில் வர வேண்டும் என்பதே, தரையைப் பனியில் விடுவது அல்ல.

போய்ப் பார்க்க முடியுமா என்றால், ரட்லண்டில் முடியாது. தனியார் நிலம், மேலே புல்தான். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அங்கே மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது 1979-ம் வருடச் சட்டப்படி குற்றம். இதை நண்பர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் நடையில் எங்காவது உழுத வயலில் சிறு சதுரக் கற்களோ சிவப்பு ஓட்டுத்துண்டுகளோ பார்த்தால் எடுக்காமல் இடத்தைப் படம் எடுத்து, கவுண்டியில் கண்டெடுத்த பொருள்களைப் பதிவு செய்யும் அலுவலரிடம் சொல்லுங்கள். அவர்கள் வேலையே அதுதான், மரியாதையாகப் பேசுவார்கள்.

பார்ப்பதற்கு செட்வொர்த் இருக்கிறது, கென்ட்டில் லல்லிங்ஸ்டோன் இருக்கிறது, சசெக்ஸில் பிக்னரும் ஃபிஷ்போர்னும் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஃபிஷ்போர்ன் போங்கள். 1960-ல் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது தட்டுப்பட்ட இடம், சாதாரண வில்லா இல்லை, அரண்மனை அளவு. எல்லோரும் டால்ஃபின் மேல் சவாரி செய்யும் சிறுவன் உருவத்தைப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். பிறகு நடைபாதையின் ஓரத்துக்குப் போய், முழங்கால் மடித்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மொசைக் தரை சமமாக இருக்காது, துணி விரித்ததுபோல் மேடும் பள்ளமுமாக அலையாடும். போட்டபோது அது சமதளம். அரண்மனைக்கு முன்னால் அங்கே மரக்கட்டடங்கள் இருந்தன. அவற்றின் பள்ளங்களைத் தூர்த்த மண் காலப்போக்கில் அமுங்கி, மேலே இருந்த தரையும் கூடவே இறங்கியிருக்கிறது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் அடியில் இருப்பதன் உருவம் அந்த அலையில் தெரியும்.